நாடக மலரில் ஒரு கால்பக்கம்: தெருக்கடை எதற்காகப் பணம் கொடுக்கிறது?

சென்னையில் ஒரு சபா நாடகத்துக்குப் போனால் வாசலில் சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுப்பார்கள். நாடகத்தின் பெயர், எழுதி இயக்கியவர், நடிகர்கள், ஒளி, ஒலி, ஒப்பனை எல்லாம் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். மீதிப் பக்கங்களில் காபித்தூள் கடை, பட்டுக்கடை, கேட்டரிங், கண் மருத்துவமனை, காசி யாத்திரைக்கு அழைத்துப்போகும் டிராவல்ஸ். ஆண்டு விழா, நாடக விழா என்று வந்தால் அதே புத்தகம் தடித்து 'மலர்' ஆகிவிடும். பழைய ஆட்கள் இன்றும் 'சுவனீர்' என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை, கடைக்காரர்கள் தாட்சண்யத்துக்காகத்தான் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு நாடகக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு சிறு குழுவுக்காக மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் விளம்பரம் கேட்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைக்காரர் தன் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று நன்றாகத் தெரிந்துதான் கொடுக்கிறார். அது என்னவென்று கேட்கப்போகிற நமக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்துகொண்டால், பெரிய ஸ்பான்சர் இல்லாமலே ஒரு சிறு குழு தன் அச்சுச் செலவையும் அரங்க வாடகையில் ஒரு பங்கையும் தேற்றிவிடலாம்.

நாடகம் பார்க்க வந்தவர் கையில் விளம்பரம் போட்ட தாளைக் கொடுப்பது உலகமெங்கும் பழைய வழக்கம்தான். அதைத் தனித் தொழிலாகவே ஆக்கிக் காட்டியது நியூயார்க். 1884-இல் ஃபிராங்க் வான்ஸ் ஸ்ட்ராஸ் என்பவர் அங்கே ஒரு அரங்குக்காகத் தொடங்கியது பிற்பாடு 'பிளேபில்' என்ற பெயரில் வளர்ந்தது. ஏற்பாடு சுலபமானது. அரங்குக்கு அச்சுச் செலவு இல்லை, ரசிகருக்கும் இலவசம், விளம்பர வருமானம் அச்சிடுகிறவருக்கு. நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் இன்றும் அந்தப் புத்தகம் காசில்லாமல்தான் கைக்கு வருகிறது. லண்டனில் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் வழக்கம் வேறு. அங்கே நிகழ்ச்சிப் புத்தகத்தை ரசிகர் காசு கொடுத்து வாங்க வேண்டும். சென்னையின் வழி இந்த இரண்டிலும் சேராதது. இங்கே சபாவின் செயலாளரும் குழுவின் நடிகர்களும் தெருவில் இறங்கி, தெரிந்த கடைகளில் தாங்களே விளம்பரம் கேட்கிறார்கள். புத்தகம் இலவசம், வருமானமும் குழுவுக்கே.

இந்தப் பழக்கம் சபாவின் அமைப்பிலிருந்து வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நாடகம் போடும் சங்கமாகத்தான் அது உருவானது. டிக்கெட் வசூலை மட்டும் நம்பி ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகளுக்கும் இதற்கும் அடிப்படையே வேறு. பிறகு பேட்டைக்குப் பேட்டை சபாக்கள் வந்தன. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள்; சபா மாதாமாதம் கச்சேரியோ நாடகமோ ஏற்பாடு செய்யும்; குழுவுக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடும். 1952-இல் தொடங்கிய ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்), 1954-இல் தொடங்கிய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற குழுக்கள் இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தன. ஒரு நாடகம் எடுபட்டால் சபா சபாவாக நூறு மேடை காணலாம் என்ற காலம் அது.

1975 ஆகஸ்டில் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. அப்புறம் கேபிள் வந்தது. வீட்டுக்குள்ளேயே நாடகம் ஓட ஆரம்பித்ததும் சந்தா கட்டுகிறவர்கள் குறைந்தார்கள், வாடகையும் மின்கட்டணமும் ஏறின. சந்தா இறங்கிய அளவுக்கு மலரின் மேல் பாரம் ஏறியது. ஒரு காலத்தில் ஆண்டு விழாவின் நினைவுப் பொருளாக இருந்த புத்தகம், விழாவையே நடத்திக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது. இன்று பல நிகழ்ச்சிகளுக்கு 'அனுமதி இலவசம்' என்று போட முடிகிறதென்றால், அந்த இருக்கைக்கு எங்கோ ஒரு கடைக்காரரோ கம்பெனியோ பணம் கட்டியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

சரி, ஒரு கால்பக்கத்தின் பொருளாதாரத்தைப் பார்ப்போம். டெம்மி 1/8 என்ற புத்தக அளவில், ஒரு முழுத் தாளின் இரண்டு புறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அச்சகத்தில் அதை ஒரு பாரம் என்பார்கள். அட்டையின் நான்கு பக்கத்தையும் சேர்த்தால் 20. நடுமடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். எனவே கடைசி நேரத்தில் 'இன்னும் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது' என்றால், அந்த ஒன்றுக்காக நான்கு பக்கம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நடிகர்களின் படத்தைச் சுருக்க வேண்டும். சின்னக் குழுக்கள் அடிக்கடி கைவைப்பது இந்த இரண்டாவதில்தான். இது தப்பு. நாடகத்தின் பக்கங்கள் எத்தனை என்பதை முதலில் முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். அந்தப் பக்கங்கள் இருப்பதால்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அவை மெலிந்தால் விளம்பரமும் நாற்காலிக்கு அடியிலேயே கிடக்கும்.

விலைக்கு வருவோம். ஒரு கணக்குக்கு, கால்பக்கம் 1,500 ரூபாய், அரங்குக்கு வருகிறவர்கள் 250 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 6 ரூபாய் ஆகிறது. பிட் நோட்டீஸ் அடித்து, காலைச் செய்தித்தாளுக்குள் வைத்து வீடு வீடாகப் போட்டால் இதில் பாதிகூட ஆகாது. தலையை எண்ணிப் பார்த்தால் மலர் தோற்றுவிடும். அதனால் 'ஐந்நூறு பேர் வருவாங்க, ஆயிரம் பேர் படிப்பாங்க' என்று அளந்துவிடுவதில் பயனில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நடந்த பேச்சு இது.

"எத்தனை பேரு தம்பி வருவாங்க?"

"இருநூறு, இருநூத்தம்பது வரும் அண்ணாச்சி."

"எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுங்களா?"

"முக்கால்வாசி நடந்து வர்றவங்கதான்."

"அப்ப நம்ம கடைக்கு வர்றவங்கதான். போடுங்க. டோர் டெலிவரி நம்பர் மட்டும் பெரிசா வரணும்."

அண்ணாச்சி அந்த மூன்று வரியில் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டார். அவருக்குப் புது ஆட்கள் தேவையில்லை. ஏற்கெனவே தன் கடைக்கு வருகிறவர்கள், ஆன்லைனில் அரிசி பருப்பு வாங்கப் பழகிக்கொண்டிருக்கிறவர்கள், அவர்கள் மனசில் 'போன் பண்ணினா நம்ம அண்ணாச்சியும் வீட்டுக்கே அனுப்புவார்' என்று பதிய வேண்டும். அதற்குச் செய்தித்தாள் விளம்பரம் பெரிது, தெருமுனை பேனர் சிறிது. பக்கத்துத் தெரு சபாவின் புத்தகம்தான் சரியான அளவு.

மலர் எப்போது படிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சபா நாடகங்களில் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது. நல்ல இடம் பிடிக்க அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்காருவார்கள். விளக்கு எரிகிறது, திரை மூடியிருக்கிறது, கையில் ஒரு புத்தகம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் அதுவே காரணம் ஆகிறது: 'இந்த டிராவல்ஸ்ல போன வருஷம் எங்க அக்கா போயிட்டு வந்தா, சாப்பாடு நன்னாயிருந்ததாம்.' இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தத் தொலைக்காட்சி விளம்பரமும் ஈடாகாது. விளக்கு அணைந்த பிறகு புத்தகத்தைத் திறக்க முடியாது. வீட்டுக்குப் போன பிறகு டீப்பாயில் கிடக்கும். ஆக, அந்த அரை மணி நேரம்தான் நாம் விற்கிற பொருள்.

அந்த அரை மணி நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் தம்பதிகள். அவர்களுக்கு எது தேவைப்படுமோ அந்தக் கடைகளைத் தேடிப் போக வேண்டும். காது கேட்கும் கருவி விற்கிறவர், கண்புரை சிகிச்சை செய்கிற சிறு மருத்துவமனை, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப், பிசியோதெரபி, மூன்று வேளையும் டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்புகிற மாமி மெஸ், முதியோர் குடியிருப்பு கட்டுகிறவர், சஷ்டியப்தபூர்த்தி கேட்டரிங், பழைய வீட்டுக்கு லிஃப்ட் வைத்துத் தருகிறவர். காது கேட்கும் கருவி பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். மலரைப் பார்த்து ஆண்டுக்கு ஒரே ஒருவர் வந்தாலும் அந்தக் கடைக்காரர் போட்ட கால்பக்கக் காசு திரும்பிவிடும். செல்போன் உறை விற்கும் பையனிடம் போய் 1,500 ரூபாய் கேட்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். ஒருவரும் வரமாட்டார்கள், அடுத்த ஆண்டு நம்மைக் கண்டாலே அவன் ஷட்டரை இறக்கிவிடுவான்.

அரங்கு மாறினால் பட்டியலும் மாறும். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை வழியில் வந்த நவீன நாடகங்களுக்கு வருகிற கூட்டம் இளையது. அங்கே புத்தகக்கடை, யோகா வகுப்பு, ஸ்டுடியோ, காபி ஷாப் பொருந்தும். நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் வீடு கட்டுகிறவர்கள், பள்ளிகள். இதற்கெல்லாம் ஆய்வு எதுவும் வேண்டாம். நாடகம் முடிந்து வெளியே வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எதில் ஏறுகிறார்கள், எங்கே நின்று காய்கறி வாங்குகிறார்கள் என்று ஒரு மாலை நின்று பார்த்தால் போதும்.

கேட்கப் போகும் நேரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக் கடைக்குப் போகக் கூடாது. சம்பள மளிகை போட்டு முடிக்கும்வரை முதலாளிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பத்தாம் தேதிக்கு மேல் போகலாம். ஆடித் தள்ளுபடி ஓடும்போது ஜவுளிக்கடை வாசலையே மிதிக்க வேண்டாம். மருந்துக்கடையில் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி அமைதியான நேரம். முகூர்த்த நாளில் கேட்டரிங்காரரைப் போனில்கூடப் பிடிக்க முடியாது. மார்கழி விழாக்காலத்து மலருக்கு விளம்பரம் வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்பே வாய்மொழியாகச் சொல்லி வைத்துவிட்டு, தீபாவளி கழிந்த அடுத்த வாரம் படிவத்தோடு போக வேண்டும். டிசம்பரில் போனால் ஏற்கெனவே டஜன் கணக்கில் சபாக்கள் அதே கல்லாவுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போயிருக்கும். சிறு நாடகக் குழுக்களுக்கு நான் சொல்வது, மார்கழியையே விட்டுவிடுங்கள் என்பதுதான். கோடையில், ஏப்ரல் மே மாதங்களில் நாடக விழா நடக்கும் காலத்தில் போட்டி குறைவு. பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பதால் அரங்கில் வருகிறவர்களின் வயது வீச்சும் கொஞ்சம் விரியும்.

இனி அந்த 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்'. மலர்களில் பாதி விளம்பரங்கள் இந்த ஒரு வரியோடு கடையின் பெயரையும் முகவரியையும் போட்டு முடிந்துவிடும். கடைக்காரர் மேட்டர் கொடுக்கவில்லை, நாம் கேட்கவும் இல்லை. இது நன்கொடையா விளம்பரமா? சட்டத்துக்கு இந்தக் கேள்வி முக்கியம். அச்சு ஊடகத்தில் விளம்பர இடம் விற்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு குழுவுக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை என்பதால் இந்தத் தொல்லை வராது. பெரிய சபாக்களுக்கு வரும். 500 ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு வரிவிலக்கு இருக்கிறது, விளம்பரப் பக்கத்துக்கு இல்லை. 2019 அக்டோபரில் வந்த ஒரு ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை இந்தக் கோட்டைக் கொஞ்சம் தெளிவாக்கியது: அறநிறுவனம் ஒன்றுக்குத் தனிநபர் நன்கொடை கொடுத்து, நன்றியாக அவர் பெயர் மட்டும் இடம்பெற்றால், தொழிலை விளம்பரப்படுத்தும் நோக்கம் அதில் இல்லையென்றால், அதற்கு வரி கிடையாது. 'அப்பாவின் நினைவாக இன்னார்' என்பது ஒரு பக்கம். 'இன்னார் சில்க்ஸ், கிளைகள் இல்லை' என்பது மறுபக்கம்.

சுவனீர் விளம்பரத்துக்கும் நன்கொடைக்கும் நடுவில் உள்ள இந்த மங்கலான இடம் நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அரசியல் கட்சிகள் வெளியிடும் சுவனீர்களில் கொடுத்த விளம்பரத்தைத் தொழில் செலவாகக் காட்ட முடியாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் தனியாக ஒரு உட்பிரிவே சேர்த்தார்கள். விளம்பரம் என்ற பெயரில் கட்சி நிதி போனதுதான் காரணம். நாடகக் குழுவின் மலருக்கு அந்தத் தடை இல்லை. கடைக்காரர் அதை விளம்பரச் செலவாக எழுதலாம். ஆனால் எழுத வேண்டுமென்றால் அது விளம்பரமாக இருக்க வேண்டும்: ரசீது, எந்த அளவு, எந்தப் பக்கம், எந்தத் தேதி, கூடவே அச்சான புத்தகம். இந்தக் காகிதங்களைக் கேட்காமலே கொடுக்கிற குழுவை எந்தக் கடையின் கணக்குப்பிள்ளையும் மறக்கமாட்டார்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, அந்த வாழ்த்து வரியால் கடைக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பது. படிக்கிறவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். அண்ணாச்சி கேட்ட மாதிரி ஒரு தொலைபேசி எண், ஒரு நேரம், ஒரு சேவை: 'ஞாயிறும் உண்டு', 'மாடி ஏறி வந்து கொடுப்போம்', 'பழைய பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தரப்படும்'. இதை எழுதித் தருவது விளம்பரம் கேட்கப் போகிறவரின் வேலை. நாடகம் எழுதத் தெரிந்த ஒரு குழுவில் இரண்டு வரி எழுத ஆள் இல்லாமலா போய்விடும்? எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். வாசகருக்கு அறுபது வயது, அரங்கத்தின் விளக்கு மங்கல், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். கால்பக்கத்தில் கடையின் வரலாற்றையே எட்டுப் பாயின்ட் பொடி எழுத்தில் திணித்தால் அது யாருக்கும் உதவாது.

இனி, கெட்டுப்போகிற இடங்கள். முதலாவது தொலைபேசி எண்ணில் பிழை. கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை முடிந்ததும் புரூஃபைக் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பி 'ஓகே' என்று பதில் வாங்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது. இரண்டாவது, புத்தகம் நாடகம் முடிந்த பிறகு வருவது. அச்சகத்தில் கட்டு பிரிக்காமல் கிடந்து, மறுநாள் சபா அலுவலகத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு வரை அலமாரியில் தூங்கிய மலர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் அது துரோகம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது, வவுச்சர் காப்பி, அதாவது விளம்பரம் வந்ததற்குச் சாட்சியான பிரதி, கொடுக்காமல் விடுவது. விளம்பரம் வந்த பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து, இரண்டு பிரதியும் இரண்டு டிக்கெட்டும் கடைக்கு நேரில் கொண்டு போய்க் கொடுத்தால் அடுத்த ஆண்டு விளம்பரத்துக்கான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பலர் அந்தப் புத்தகத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள், நாடகத்துக்கும் அது விளம்பரம்.

பெரிய ஸ்பான்சர் கிடைத்தால் இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு வங்கியோ நகைக்கடையோ முழுச் செலவையும் ஏற்றால் மறுக்க வேண்டியதில்லைதான். தி. நகரில் 1928-இலிருந்து இருக்கும் நல்லியைப் போல, கலையோடு சேர்ந்தே வளர்ந்த கடைகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான இடங்களில் பணம் ஒரு மேலாளரின் விருப்பத்தில் வருகிறது. அவர் சில ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார், புதிதாக வருகிறவருக்கு நாடகம் பிடிக்காது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்தை நம்பலாமென்றால், பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது அதற்கான சட்டப் பட்டியலில் இருந்தாலும், தங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் சேராது. இருபது கடையில் மூன்று கடை விட்டுப்போனால் குழு சமாளிக்கும். ஒரே ஸ்பான்சர் விட்டுப்போனால் அந்த ஆண்டு நாடகமே இல்லை.

பெரிய ஸ்பான்சர் மேடையையும் கேட்பார். திரைக்கு மேல் பேனர், நாடகத்துக்கு முன் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். ஏழு மணி நாடகம் ஏழரைக்குத் தொடங்கும். ஒப்பனை போட்டு, வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கும் நடிகரை அந்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்று மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும். கால்பக்கம் கொடுத்த காபித்தூள் கடைக்காரர் இது எதையும் கேட்பதில்லை. மனைவியோடு வந்து ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டுப் போகிறார்.

அச்சே எதற்கு, கியூ.ஆர். கோடு ஒட்டினால் போதாதா என்பது இப்போது எழும் கேள்வி. நடிகர் விவரத்துக்குப் போதும், விளம்பரத்துக்குப் போதாது. போனைத் திறந்தவர் அடுத்த நொடி குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் போய்விடுவார், அந்த அரை மணி நேரம் நம் கையை விட்டுப் போய்விடும். கையில் காசில்லாத குழு 20 பக்கம் போட வேண்டியதில்லை. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். முதல் பக்கம் நாடகம், உள்ளே இரண்டிலும் நடிகர்களும் கதைச் சுருக்கமும், பின்பக்கத்தை எட்டாகப் பிரித்தால் எட்டுக் கடை. எட்டுக் கடைக்காரர்களையும் நேரில் தெரிந்திருக்கும், எட்டு பேருக்கும் கணக்குச் சொல்ல முடியும். இடம் விற்காமல் போனால் 'இந்த இடம் விளம்பரத்துக்கு' என்று போடாதீர்கள். அரங்க அமைப்புச் செய்த தச்சர், ஒலிபெருக்கி வைத்தவர், வாடகை வேனில் சாமான் ஏற்றி வந்தவர் என்று அந்த மாலைக்கு உழைத்தவர்களின் பெயரை அங்கே போடுங்கள். அவர்களும் அதே பேட்டையில் தொழில் செய்கிறவர்கள்தான். அடுத்த நாடகத்துக்கு அந்த இடத்தை அவர்களே காசு கொடுத்துக் கேட்பதும் உண்டு.